அண்ணாவின் உயரத்துக்கு ஒரு திரி

மெழுகுதிரியில் எரிவது நூல் அல்ல. நூல் எரிவதாக இருந்தால் ஒரு திரி கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மெழுகுக் கட்டியும் எரிவதில்லை. அதன்மேல் நெருப்புக்குச்சியை வைத்துப் பாருங்கள், உருகி ஒழுகுமே தவிரப் பற்றாது. உருகிய மெழுகு நூலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும், சுடரின் சூட்டில் ஆவியாக வேண்டும். அந்த ஆவிதான் எரிகிறது. நூல் ஏணி மட்டுந்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிறகு நீர்கொழும்பில் தைத்தேன், குவைத்தில் இரண்டு வீடுகளில் சமைத்தேன், திரும்பி வந்து இறால் பண்ணையில் சேற்றுக்குள் நின்றேன். ஓரிடத்திலும் தங்கவில்லை. படித்ததில் என்னோடு கூடவே அலைந்தது இந்த ஒரு பாடந்தான். அதையும் முதலில் காட்டியது பள்ளிக்கூடம் அல்ல, மாமாவின் வியாபார வித்தை.

யுத்தம் முடிந்து முகாமிலிருந்து எங்களை விட்டபோது திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. அப்பா ஷெல் விழுந்து செத்துப்போயிருந்தார். அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி கடற்கரை ஊரான கண்டக்குழியில் குடியேறியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தாள். நாங்கள் வந்து சேர்வதற்குள் அந்தப் பெரியம்மா இன்னும் நல்ல இடம் தேடிப் போய்விட்டிருந்தாள். அவளுடைய கிடுகுக் கொட்டில் மட்டும் நின்றது. வரவேற்க ஆளில்லாத வீட்டுக்குள் நாங்களே போய் இருந்துகொண்டோம்.

அண்ணா எங்களோடு வரவில்லை. கடைசி மாதங்களில் ஒரே பங்கருக்குள் எல்லோருக்கும் இடம் போதாமல், அம்மாவும் நானும் ஒரு பக்கம், அம்மாவின் தம்பியான மாமாவும் அண்ணாவும் இன்னொரு பக்கம் என்று பிரிந்திருந்தோம். அப்போது அண்ணாவுக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் ஆமியின் பக்கம் கடந்து வந்துவிட்டோம். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து மாமா எங்களைத் தேடி வந்தார், தனியாக. சனத்துக்குள் பிள்ளையின் கை விட்டுப்போனதாகவும், யாரோ ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்றும், எங்கேயாவது இருப்பான் என்றும் சொன்னார். அதற்குமேல் அந்தக் கதையை அவர் எடுத்ததில்லை. யாராவது எடுத்தால் எழும்பிப் போய்க் கரைவலை இழுப்பவர்களோடு சேர்ந்துகொள்வார். இரண்டு ஆள் வேலையைத் தனியே செய்வார் என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி புகழ்வார்.

அம்மா தலவில வேதக்கோயிலில் இருக்கும் புனித அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தாள். பிள்ளைக்குச் சுகமில்லாவிட்டால் பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்வது எங்கள் வீட்டு வழக்கம். கைக்குழந்தையாக இருந்த எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது முழங்கை நீளத் திரியொன்று எரிந்ததாம். காணாமற்போன பிள்ளைக்கும் அது செல்லும் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். தன் பங்குக்கு ஒரு நிபந்தனையையும் சேர்த்தாள். கொளுத்தின நேரத்திலிருந்து அடிக்கட்டை வரை ஒருமுறையும் நூராமல், அணையாமல் எரிய வேண்டும். எரிந்தால் அண்ணா வருவான்.

அந்தத் திரியை வார்க்க வீட்டிலேயே ஆள் இருந்தது. திருவிழாக் காலத்தில் மாமா மெழுகுதிரி வார்த்து விற்பார். பழைய தண்ணீர்க் குழாயை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, உள்ளே தேங்காயெண்ணெய் பூசி, சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றி இறுக்கி, அடியைக் களிமண்ணால் அடைத்து, நடுவில் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுவார். பிறகு உருகிய மெழுகை ஊற்றுவார். ஆறும்போது மெழுகு சுருங்கி, நூலைச் சுற்றிப் பொந்து விழும். அதற்குள் மறுபடி ஊற்றவேண்டும். ஊற்றாமல் விட்டால் சுடர் பொந்துக்கு இறங்கும்போது உருகிய மெழுகிலேயே மூழ்கிச் சாகும். நூல் தடித்தால் புகைக்கும், மெலிந்தால் மெழுகை இழுக்க வலு காணாது. இதையெல்லாம் அவர் யாரிடமும் படிக்கவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கண்டுகொண்டார். பிழைவிட்ட திரிகளை நாங்கள் வீட்டில் விளக்குக்குப் பாவித்தோம். எங்கள் வீட்டில் இருட்டுக்கும் புகைக்கும் குறைவிருக்கவில்லை.

அண்ணாவுக்கான திரியின் அளவை மாமா அம்மாவிடம் கேட்கவில்லை. உள்ளங்கையைத் தன் நெஞ்சில் ஓரிடத்தில் வைத்து, நிலத்திலிருந்து அது வரைக்கும் குழாயை நறுக்கினார். அம்மா பார்த்துவிட்டு, ஓம், சரியாக அவ்வளவுதான் இருந்தான் என்றாள்.

முதல் வருடம் சோழகக் காற்று திரியை நூர்த்துவிட்டது. ஆவணித் திருவிழாவும் சோழகமும் தலவிலவுக்கு ஒன்றாகத்தான் வரும். கடற்கரை மணல் எழும்பி முகத்தில் அடிக்கிற காற்றில் திரி நின்று எரியும் என்று அம்மா நம்பியதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியந்தான்.

அடுத்த வருடம் மாமா வித்தையைக் காட்டினார். விற்கும்போது அவர் செய்வது அது. ஒரு திரியைக் கொளுத்தி, ஊதி நூர்ப்பார். திரியிலிருந்து வெள்ளைப் புகை கயிறுபோல மேலே போகும். லைட்டரைத் தட்டி, திரியில் முட்டாமல் நாலு விரல் உயரத்தில் அந்தப் புகைக்குள் பிடிப்பார். சுடர் புகை வழியே கீழே பாய்ந்து திரியில் போய்க் குந்தும். பார்த்து நிற்கும் சனம் வாயைப் பிளக்கும். தெரிந்த சிங்களத்திலும் தமிழிலும் கலந்து கூவுவார்.

“நோனா, மாத்தையா, வந்து பாருங்கோ. நூர்த்தாலும் நூராத திரி!”

பக்கத்துக் கடைக்காரர் கறுவிக்கொள்வார். “உன்ர திரிக்குள்ள என்னடாப்பா, பெற்றோலா?”

“உங்கட திரிக்குள்ள மெழுகெண்டாலும் இருக்கோ அண்ணை?”

அந்த வருடம் அண்ணாவின் திரி காற்றில் நூந்த ஒவ்வொரு தடவையும் மாமா பாய்ந்து வந்து புகையில் நெருப்பைப் பிடித்தார். சுடர் கீழே குதித்தது. “புகை இருக்குமட்டும் நூரேல்லை அக்கா” என்றார். அம்மா யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டாள். இப்படி விழுந்து எழும்பி, திரி அடிக்கட்டை வரை எரிந்து முடிந்தது. அம்மா அழுதுகொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்து அண்ணாவுக்கென்று ஒரு பாயை வெயிலில் காயப்போட்டாள்.

அண்ணா வரவில்லை. அந்தப் பாயில் நான் படுக்கத் தொடங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர் மெழுகுதிரிப் பாடம் எடுத்தது அதற்குப் பிறகுதான். ஊதி நூர்த்ததும் வருவது வெறும் புகையல்ல, எரியக் கிடைக்காமல் போன மெழுகின் ஆவி குளிர்ந்து வெண்மையாகத் தெரிகிறது, அதனால்தான் அதில் நெருப்புப் பிடிக்கிறது என்றார். வீட்டுக்கு ஓடிவந்து மாமாவிடம் சொன்னேன்.

“மாமா, அது புகையில்லையாம். மெழுகாம்.”

“ஓமோ? சனத்துக்குச் சொல்லிப்போடாத பிள்ளை. புகையெண்டால்தான் வாங்குவினம்.”

அண்ணா வராததற்கு அம்மா ஒரு காரணம் கண்டுபிடிக்க நாளெடுத்தது. அதற்கு நானே உதவியும் செய்தேன். நான் நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டிருந்தேன். அடுத்த திருவிழாவுக்கு மாமா குழாயை எடுத்துச் சுவரில் சாய்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். என் தலை குழாயின் நுனிக்கு மேலே போயிருந்தது. அம்மா என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தங்கச்சியே முந்திப்போட்டாள். அவன் இப்ப தேப்பன் மாதிரி நெடுவலாய் நிப்பான். இந்தக் கட்டைத் திரியைக் கொளுத்தினால் ஆருக்கெண்டு அன்னம்மாளுக்கு என்னெண்டு விளங்கும்?”

“குழாய் இவ்வளவுதான் அக்கா” என்றார் மாமா.

“வேற குழாய் எடு.”

“இந்த அளவு போதும், காணும்.”

“ஆருக்குக் காணும்?”

மாமா எழும்பினார். வெளியே போய் மெழுகு உருக்கும் சட்டியைத் தேய்த்தார். ஏற்கெனவே தேய்த்த சட்டி அது.

அம்மா அடுத்த நாளே கடற்கரையில் கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் தங்கும் விடுதிக்குப் போய், அங்கே எறிந்து கிடந்த நீளக் குழாயொன்றைக் கேட்டு வாங்கி, தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்த மாமா, இவ்வளவு நீளத்துக்கு ஒரே முறையில் வார்த்தால் உள்ளே காற்று நிற்கும் என்றார். பழைய அளவுக்கு ஒரு திரியை வார்த்து, மிச்ச உயரத்துக்கு வேறு துண்டு வார்த்து, அடியில் ஒட்டித்தருவதாக ஒத்துக்கொண்டார். அதற்காகப் பழையபடி நெஞ்சில் கையை வைத்து, குழாயை நிறுத்தி அளந்துகொண்டு நின்றார். பக்கத்து வளவு ராத்தா எங்கள் மண்ணெண்ணெய் அடுப்பைத் திருப்பித் தர வந்தவள். முஸ்லிம்களை வெளியேற்றிய காலத்திலேயே மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு வந்து இங்கே தங்கிப்போனவள், பகிடியில்லாமல் வாய் திறக்கமாட்டாள்.

“என்னா தம்பி, மய்யித்துக்குத் துணி அளக்குற மாதிரியெல்லோ அளக்குறீங்க.”

பிணத்துக்குத் துணி அளப்பதாக அவள் சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். மாமா குழாயைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். ராத்தாவின் முகம் விழுந்துபோனது. “என்ன புள்ள, நான் சும்மா சொன்னேன்” என்று என்னிடம் சொன்னாள். அம்மா அந்த நேரம் கிணற்றடியில் இருந்தாள்.

திரி ஒருவழியாக முடிந்தது. இரண்டு துண்டின் முகத்தையும் சூடான கத்தியால் இளக்கி, ஒன்றோடொன்று அமர்த்தி, மேலே மெழுகு தடவினார் மாமா. ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. உள்ளே நூலை முடிந்தாயிற்றா என்று அம்மா கேட்டாள். மாமா ஓம் என்றார். இரு பக்கமும் தென்னமட்டை வைத்துக் கட்டி, சாக்கால் சுற்றி, லான்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தின் பெட்டியில் எங்கள் மடிகளின் மேல் குறுக்கே கிடத்திக் கொண்டுபோனோம். பள்ளத்தில் விழுந்தெழும்பும் இடமெல்லாம் அம்மா அதன் நடுவில் கையைக் கொடுத்துத் தாங்கினாள்.

தலவிலவில் சனம் மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டும், படங்கு கட்டியும் நாட்கணக்கில் தங்கியிருக்கும். நாங்கள் ஒரு மரத்தடியில் மூன்று பக்கமும் தகரம் நிறுத்தி, வாளிக்கு ஈரமணல் நிரப்பி, அதற்குள் திரியை நட்டோம். விடிந்ததும் அம்மா செபம் சொல்லிக் கொளுத்தினாள். அதன் பிறகு இரவு பகலாக மூவரும் மாறி மாறிக் காவல். மாமா திரி விற்கக்கூடத் தூரம் போகவில்லை. காற்றில் சுடர் படுக்கும்போதெல்லாம் அம்மா சீலைத் தலைப்பை விரித்துக்கொண்டு முன்னால் நின்றாள். தகரத்துக்குள் ஒரு குருவிக்குஞ்சைப் பார்ப்பதுபோல மாறி மாறி எட்டிப் பார்த்தோம்.

அம்மாவுக்குத் திரி குறைவது கவலையாக இல்லை. அவளுக்கு அது அண்ணா கிட்ட வருவதன் கணக்கு. நுனி எரிந்தபோது தலை முடிந்தது என்றாள். பிறகு கழுத்து. பிறகு நெஞ்சு. அடுத்த கொட்டில் ஆட்கள் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்து, எங்கே வந்திருக்கிறது என்று விசாரித்தார்கள். “அரைக்கு வந்திட்டுது” என்று அம்மா சந்தோசமாகச் சொன்னாள். அந்த முறை ஒரு தடவையும் நூரவில்லை. மாமாவின் வித்தைக்கே வேலை வரவில்லை. நான்கூட நம்பத் தொடங்கியிருந்தேன். அண்ணா வந்தால் பாயைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்றும் யோசித்தேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் பின்னேரம் அது நடந்தது. “முழங்காலுக்கு வந்திட்டான்” என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை. காற்று அந்த நேரம் விழுந்து கிடந்தது. சுடர் அசையவில்லை. அசையாமல் நின்றபடியே சிறுத்தது. நீலமாகி, ஒரு நெல்மணி அளவுக்கு வந்து, உருகின மெழுகுக்குள் அமிழ்ந்துபோனது. புகை எழும்பியது. காற்றில்லாததால் நல்ல நேர்ப் புகை, மாமா கடைவாசலில் காட்டுவதைவிட அழகான புகை.

மாமா பக்கத்தில்தான் இருந்தார். லைட்டர் கையில் இருந்தது. அவர் அதைப் புகைக்குள் நீட்டினார். பெருவிரல் லைட்டரின் சில்லின்மேல் நின்றது.

“மாமா, புகை” என்றேன். “மாமா, புகை போகுது.”

பெருவிரல் அசையவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா திரியைப் பார்க்கவில்லை, மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகை மெலிந்தது. இடையில் அறுந்தது. கடைசித் துண்டு மரத்துக் கிளை வரை போய்க் காணாமற்போனது. மாமா கையை மெல்ல இறக்கினார்.

“ஏன்டா தம்பி?” என்று அம்மா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

“இதுக்கு மேல இல்லை அக்கா.”

அம்மா எழும்பிக் கடற்கரைப் பக்கம் நடந்தாள். கொஞ்சம் பொறுத்து மாமாவும் பின்னால் போனார். என்னைத் திரிக்குக் காவலாக விட்டுவிட்டுப் போனார்கள். நூந்த திரிக்கு என்ன காவல் என்று எனக்கு மாமாமேல் ஆத்திரமாக வந்தது. எத்தனையோ ஊர் பேர் தெரியாத ஆட்களுக்குச் செய்து காட்டிய வித்தை. எங்களுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் மரம்போல இருந்துவிட்டார்.

தகரத்தின் ஓரத்தால் அவர்களைப் பார்த்தேன். கடல் இரைச்சலில் கதை கேட்கவில்லை. மாமா அம்மாவுக்கு எதிரே போய் நின்றார். பிறகு உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். பிறகு மணலில் முழங்காலூன்றி, இரண்டு கைகளாலும் மணலை வாரி வாரி ஒதுக்கினார். ஒதுக்கிய இடத்தில் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அம்மா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு அதன்மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். அடுத்த வருடத் திரியின் அளவுக்கு இப்பவே சண்டை தொடங்கிவிட்டதென்று நான் நினைத்தேன்.

அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டியதை நான் செய்தேன். பாடத்தில் படித்திருக்கிறேனே, நூல் இல்லாமல் மெழுகு ஏறாது. ஊசியால் கிண்டிப் பார்த்தேன். மேல்துண்டின் நூல் ஒட்டோடு முடிந்திருந்தது. கீழ்த்துண்டின் நூல் தனியே மெழுகுக்குள் புதைந்து கிடந்தது. முடிச்சு இருக்கவில்லை. மாமா மறந்துபோனாரா, வேண்டுமென்று விட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கிற வயது வந்தபோது அவரும் இல்லை. அன்றைக்கு அதைப் பெரிய கண்டுபிடிப்பாக எண்ணி, புதைந்த நூலை இழுத்து நிமிர்த்தி, அடுத்த கொட்டிலில் நெருப்புக்குச்சி வாங்கிக் கொளுத்தினேன். அது நன்றாகப் பற்றியது.

“அம்மா, எரியுது! வாங்கோ, எரியுது!” என்று கத்தினேன்.

அம்மா வந்தாள். கண் இடுங்கியிருந்தது, சீலை முழுக்க மணல். அந்தச் சின்னக் கட்டையில் எரிகிற சுடரைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு குனிந்து, விரலில் எச்சில் தொட்டு, சுடரைக் கிள்ளி நூர்த்தாள். சுடர் ‘சிர்’ என்றது. எழும்பிய புகையைக் கையால் விசிறிக் கலைத்துவிட்டாள்.

“ஏனம்மா? இன்னும் இருக்குத்தானே.”

“காணும் பிள்ளை.”

திருவிழாவுக்கு நாங்கள் நிற்கவில்லை. அன்றைக்கே சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். லான்ட்மாஸ்டரில் மாமா அழுதார். அம்மா அவருடைய தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிழை செய்தவரை ஏன் அம்மா தடவுகிறாள் என்று நான் மறுபக்கம் திரும்பி இருந்தேன். பல நாள் மாமாவோடு கதைக்கவில்லை. அவரும் அந்த வருடத்துக்குப் பிறகு மெழுகுதிரி வார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழிந்து, அப்பாவுக்கு வருடா வருடம் ஒப்புக்கொடுக்கும் பூசை வந்தது. எங்கள் ஊர்ச் சின்ன வேதக்கோயிலில் விடியப் பூசை. மாமாவும் வந்தார், பின்னால் கதவடியில் நின்றார். பங்குச் சுவாமி பூசையைத் தொடங்குமுன், சுகமில்லாதவர்களுக்காக வேண்டினார், நன்றி சொன்னவர்களுக்காக வேண்டினார். பிறகு இறந்துபோன ஆத்துமாக்களின் இளைப்பாற்றிக்காக என்று தொடங்கி, அப்பாவின் பெயரைச் சொன்னார். அதோடு சேர்த்து அண்ணாவின் பெயரையும் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்தேன்.

“அம்மா, சுவாமி பிழையாய்ச் சொல்லிப்போட்டார்.”

அம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “முன்னுக்குப் பார்” என்றாள்.

நான் முன்னுக்குப் பார்த்தேன். சுவாமி அந்தப் பிழையைத் திருத்துவார் என்று பூசை முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.